எதிலிருந்து 0.5 வோல்ட்?

த்ராட்டில் பொசிஷன் சென்சாரை எப்படி செட் பண்ணுவது என்று கேட்டால் கிடைக்கிற பதில் எல்லா இடத்திலும் ஒன்றுதான். எஞ்சினை ஐட்லிங்கில் விடு. மல்டிமீட்டரின் கருப்பு வயரை பேட்டரி மைனஸில் வை, சிவப்பை சென்சாரின் சிக்னல் வயரில் குத்து. ரெண்டு ஸ்குரூவை லூஸ் பண்ணி, 0.5 வோல்ட் வரும்வரை சென்சாரைத் திருப்பு. டைட் பண்ணு. அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் வரும் குறிப்பு, மூன்று நிமிட வீடியோ, ஸ்பேர் பார்ட்ஸ் கடைப் பேச்சு, எல்லாம் இதே ஐந்து வரி.

ஒரு புத்தகத்தை விமர்சிப்பது போல இந்த ஐந்து வரியையும் உட்கார்ந்து விமர்சிக்க எனக்குக் காரணம் இருக்கிறது. இதை நம்பி, நன்றாக இருந்த ஒரு சென்சாரை நானே கெடுத்தேன்.

வண்டி 2002 மாடல் ஹேட்ச்பேக். கம்பெனி பேர் வேண்டாம், தப்பு கம்பெனியுடையது அல்ல. 1998-ல் சான்ட்ரோ வந்தது, 2000-ல் புகை விதிகள் இறுகின, கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. அந்தத் தலைமுறை கார். ஆக்ஸிலேட்டர் கேபிள் நேராகக் காற்றுக் கதவைத் திறக்கும். கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை அதன் அச்சில் உட்கார்ந்திருக்கும் சென்சார் இ.சி.யூ.வுக்குச் சொல்லும். உள்ளே இருப்பது பழைய ரேடியோவின் வால்யூம் குமிழ் மாதிரி ஒரு பொட்டென்ஷியோமீட்டர்தான். மூன்று வயர்: 5 வோல்ட், எர்த், சிக்னல். கதவு மூடியிருந்தால் சுமார் 0.5 வோல்ட், முழுக்கத் திறந்தால் 4.5-க்குப் பக்கம்.

ஏன் பூஜ்யத்தில் ஆரம்பிக்கவில்லை? வயர் அறுந்தால் பூஜ்யம் வரும், 5 வோல்ட் வயரோடு ஒட்டிக்கொண்டால் 5 வரும். இரண்டையும் கோளாறு என்று இ.சி.யூ. கண்டுபிடிக்க இரு ஓரத்திலும் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள். தொழிற்சாலைக் கருவிகளில் 4-20 மில்லிஆம்பியர் என்று வைப்பதும் இதே யோசனைதான். ஆக 0.5 என்பது ஒரு வசதிக்காக வைத்த எண். நம் ஐந்து வரிகளில் அது ஏதோ மந்திரம் மாதிரி வருகிறது.

எனக்கு இருந்த பிரச்சினை ரெண்டு. ஐட்லிங் நிலையாக நிற்கவில்லை. லிட்டருக்கு 14 கொடுத்த வண்டி 11-க்கு வந்திருந்தது. மீட்டர் வைத்தேன், 0.64 காட்டியது. ஆஹா, மாட்டிக்கொண்டது என்று ஸ்குரூவைத் திருப்பி 0.50-க்குக் கொண்டுவந்தேன். கோடிங்கில் இருபது வருஷம் இருந்துவிட்டு, ஒரு எண் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இன்னொரு எண்ணை அதன் மேல் எழுதினேன்.

இரண்டு நாள் கழித்து, கோட்டக்குப்பத்தில் எங்கள் சந்திலிருந்து ஈ.சி.ஆரில் ஏறும்போது வண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டது. மிதிக்கிறேன், ஒரு நொடி ஒன்றும் இல்லை. பாண்டி பக்கமிருந்து பஸ் வருகிறது. பக்கத்தில் அம்மா. பிறகு ஒரு குலுக்கலோடு பாய்ந்தது. பஸ்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

மெக்கானிக் பாயிடம் போனேன். அறுபது வயசுக்காரர். நான் செய்ததைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "திருப்புறதுக்கு முன்னாடி கோடு போட்டு வெச்சீங்களா தம்பி?"

போடவில்லை. ஐந்து வரியில் அது இல்லையே.

அவர் கருப்பு முள்ளை பேட்டரி மைனஸில் வைக்கவே இல்லை. சென்சாரின் சொந்த எர்த் வயரில் வைத்தார். 0.36. அடுத்து, ஒரு முள்ளை பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை அந்த எர்த் வயரிலும் வைத்தார். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடத்தில் 0.14.

கூட்டிப் பாருங்கள். முதலில் நான் பார்த்த 0.64-ல் 0.14 எர்த்தின் கோளாறு. மிச்சம் 0.50. சென்சார் ஆரம்பத்திலிருந்தே சரியாக இருந்தது! நான்தான் அதை 0.36-க்கு இறக்கினேன். புதிய இ.சி.யூ.க்கள் பலவும் தாங்கள் பார்த்த மிகக் குறைந்த வோல்டேஜையே மூடிய நிலை என்று கற்றுக்கொள்ளும். என் வண்டியுடையது அப்படி இல்லை. நான் லேசாக மிதித்தாலும் "கால் இன்னும் பெடலில் இல்லை" என்றே நினைத்துக்கொண்டிருந்தது.

அந்த 0.14 எங்கிருந்து வந்தது? இ.சி.யூ.வின் எர்த் வயர் இன்டேக் மேனிஃபோல்டில் ஒரு போல்ட்டில் மாட்டியிருக்கிறது. கழற்றினால் லக் முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. செம்பு லக், இரும்பு போல்ட், அலுமினிய மேனிஃபோல்ட், நடுவில் உப்புக் காற்று. மூன்று உலோகமும் உப்பு ஈரமும் சேர்ந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. தன்னைத் தானே தின்னும். அந்த இணைப்பில் 0.07 ஓம் தடை ஏறி 2 ஆம்பியர் ஓடினால் போதும், 0.14 வோல்ட் வந்துவிடும். மைலேஜ் குறைந்ததற்கும் இதுவே காரணம். என் வண்டியின் ஆக்ஸிஜன் சென்சாருக்குத் தனி எர்த் வயர் கிடையாது, எஞ்சின் உடம்புதான் எர்த். அது கொடுப்பதே 0.1-லிருந்து 0.9 வோல்ட் வரை. அதில் 0.14 குறைத்துப் படித்தால் இ.சி.யூ. "பெட்ரோல் போதவில்லை" என்று முடிவுகட்டி இன்னும் ஊற்றும்.

இனி விமர்சனம். அந்த ஐந்து வரியின் பெரிய குறை "பேட்டரி மைனஸில் வை" என்ற வரி. வோல்டேஜ் என்பது இரண்டு இடங்களுக்கு நடுவில் உள்ள வித்தியாசம். இ.சி.யூ. எந்த இடத்திலிருந்து அளக்கிறதோ அங்கிருந்து நாமும் அளக்காவிட்டால் வேறு ஒன்றை அளக்கிறோம். மேல் பக்கமும் அப்படித்தான். பல இ.சி.யூ.க்கள் சிக்னலைத் தாங்கள் அனுப்பும் 5 வோல்ட்டோடு விகிதமாகத்தான் பார்க்கும். அந்த 5 குறைந்து 4.8 ஆனால் சிக்னலும் 0.48 ஆகும், பத்து சதவீதம் பத்து சதவீதமாகவே இருக்கும், யாருக்கும் நஷ்டமில்லை. அதை 0.50-க்கு ஏற்றி வைக்கிறவர்தான் விகிதத்தைக் கெடுக்கிறார்.

இரண்டாவது குறை சொல்லில். இதைக் "காலிப்ரேஷன்" என்கிறார்கள். அளவியலின் சர்வதேசச் சொற்தொகுதி காலிப்ரேஷன் வேறு, அட்ஜஸ்ட்மென்ட் வேறு, ரெண்டையும் குழப்பாதே என்று குறிப்பே போட்டிருக்கிறது. காலிப்ரேஷன் ஒப்பிட்டுப் பார்ப்பது; திருப்புவது அதற்குப் பிறகு, தேவைப்பட்டால். நம் ஊர் "செட்டிங்" என்ற சொல் இரண்டையும் விழுங்கிவிடுகிறது. மரக்காணம் உப்பளத்துக்காரர்களிடம் இந்தக் குழப்பம் இருக்க முடியாது. உப்பு விளைய நீர் சுமார் 25 டிகிரி போமே அடர்த்திக்கு வர வேண்டும். மானி 22 காட்டினால் வெயிலுக்குக் காத்திருப்பார்களே தவிர, மானியைச் சுரண்டி 25 ஆக்க மாட்டார்கள். நான் செய்தது சுரண்டல்.

பழைய கம்பெனி மேனுவல்கள் இதில் எவ்வளவோ மேல். டொயோட்டா போன்றவர்களின் 80கள், 90களின் மேனுவல்களில், ஐடில் சுவிட்ச் உள்ள சென்சார்களுக்கு மீட்டர் எண்ணே முக்கியமில்லை. த்ராட்டில் நெம்புகோலுக்கும் அதன் ஸ்டாப் ஸ்குரூவுக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகச் சொல்வார்கள். மெல்லிய தகட்டில் சுவிட்ச் தொடர்பு இருக்க வேண்டும், தடித்ததில் அறுந்துபோக வேண்டும். எது எதோடு சேர்ந்து நகர வேண்டும் என்பது அதில் கையோடு தெரியும். அவை வறண்ட எழுத்து, "ஏன்" என்று ஒரு வார்த்தை இருக்காது. ஆனால் எங்கே தொட்டு அளக்க வேண்டும் என்று ஒவ்வொரு பின்னுக்கும் பேர் சொல்லும். வறட்சியை மன்னித்துவிடலாம்.

ஐந்து வரி எழுதினவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எர்த் சுத்தமாக இருக்கிற வண்டியில் அது வேலை செய்யும். கடலிலிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவருக்கு அது சரியான குறிப்பாகவே வாழ்நாள் முழுக்க இருந்துவிடலாம்.

பாய் லக்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, போல்ட்டை மாற்றி, மேலே வாஸலின் பூசினார். வித்தியாசம் 0.14-லிருந்து 0.01-க்கு வந்தது. சென்சாரின் பழைய இடம் தெரியாமல் முழித்தேன். அவர் டார்ச் அடித்துக் காட்டினார்: ஸ்குரூவின் வாஷர் இருபது வருஷம் உட்கார்ந்த இடத்தில் அழுக்கு ஏறாமல் ஒரு வட்டம் பளபளத்தது. அதே வட்டத்தில் வைத்ததும் 0.51. திருப்ப வேண்டிய வேலையே இல்லை.

கடைசியாக அவருடைய பழைய முள் மீட்டரை மாட்டி, கேபிளை மெதுவாக இழுத்தார். முள் சீராக ஏறி, கால்வாசித் திறப்புக்கு முன்னால் ஒரு இடத்தில் மட்டும் துள்ளி இறங்கியது. என் டிஜிட்டல் மீட்டரில் அந்தத் துள்ளல் தெரியவே இல்லை. ஊருக்குள் ஓட்டும்போது கால் பெரும்பாலும் இருக்கும் இடம் அது. கார்பன் பாதை அங்கே தேய்ந்திருக்கிறது.

"இப்போ ஓடும் தம்பி. ஆனா மாத்தித்தான் ஆகணும்."

புதுப்பேட்டையில் சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் முதலில் கோடு.