வல்லரசுகளின் நேசமும் ‘விலங்குப் பண்ணை’யும்

ஜார்ஜ் ஆர்வெல் என்னும் ஆங்கில ஆசிரியர் இயற்றிய ‘விலங்குப் பண்ணை’யைப் பற்றி நம்மவரிடையே ஓர் அபிப்பிராயம் வேரூன்றி நிற்கின்றது. ருஷ்யப் புரட்சி பாழ்பட்ட வரலாற்றை மிருகங்களின்மேல் ஏற்றிச் சொன்ன நையாண்டிக் கதை என்பதே அது. பிழையன்று, ஆயினும் பாதியே. ஆங்கிலப் பள்ளியில் அந்நூலைப் பாடமாகப் படித்த நாமும் பல்லாண்டுக் காலம் அவ்வளவிலேயே நின்றிருந்தோம். பன்றிகள் பாலைத் தமக்கென ஒதுக்கிக்கொண்டதும், சுவரில் எழுதிய கட்டளைகள் இரவோடிரவாக மாறியதும் பரீட்சைக்குப் போதுமானவையாயிருந்தன. பக்கத்துப் பண்ணைக்காரர் இருவரைப் பற்றி நம்மை எவரும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

அவ்விருவரைப் பற்றிய பகுதியே நூலின் கூர்முனை என்பது, சென்ற சில மாதங்களாக ஞாயிறு மாலைகளில் நமது தோட்டத்துப் படிப்பகத்தில் அந்நூலை வாய்மொழியாகத் தமிழாக்கிப் படித்துக் காட்டிவந்தபோதுதான் நமக்குப் புலப்பட்டது. கேட்க வருவோர் பதின்மருக்கு மேல் இரார். பெரும்பாலோர் பால்மரம் வெட்டிய காலத்து மனிதர். எட்டாம் அத்தியாயத்தில் நெப்போலியன் என்னும் பன்றி விற்க நினைக்கும் மரக்குவியலின் கதை வருகின்றது. வாங்க விரும்புவோர் இருவர். பில்கிங்டன், மீன்பிடித்தும் வேட்டையாடியும் பொழுதுபோக்கும் சோம்பல் கனவான். பிரெடரிக், பேரத்திலும் வழக்கிலும் வல்ல கொடியன். முன்னவனைப் பிரிட்டனும் அமெரிக்காவுமென்றும், பின்னவனை ஜெர்மனியென்றும் கொள்க. பன்றி ஒருவனோடு உறவாடத் தொடங்கினால், ஊரைவிட்டு விரட்டப்பட்ட துரோகி மற்றவன் பண்ணையில் ஒளிந்திருப்பதாகச் செய்தி பரவும். பில்கிங்டனோடு பேச்சு நடக்கும் வரையில், பிரெடரிக் தன் கிழக்குதிரையை அடித்தே கொன்றான் என்றும், நாயை உலையில் எறிந்தான் என்றும் மிருகங்கள் கேட்டுக் கொதிக்கின்றன. திடீரென்று மரம் பிரெடரிக்குக்கே விலையாகின்றது. அவனுக்குச் சாவு கேட்ட முழக்கத்தைச் சுமந்து திரிந்த புறாக்கள், மறுநாள் பில்கிங்டனுக்குச் சாவு கேட்குமாறு ஏவப்படுகின்றன. கொடுமைக் கதைகளெல்லாம் மிகைப்படுத்தப்பட்டவையென்று அறிவிக்கப்படுகின்றது. மூன்று நாள் கழித்துப் பார்த்தால், அவன் கொடுத்த நோட்டுகள் அத்தனையும் கள்ள நோட்டு!

1939ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் தேதி ருஷ்யாவும் ஜெர்மனியும் செய்துகொண்ட உடன்படிக்கையும், 1941 ஜூன் 22இல் ஜெர்மன் படை ருஷ்யாவினுட் புகுந்ததுமே இதிற் குறிக்கப்பட்டவை. புறாக்களின் கதை கற்பனையென்று நினைப்பவர்க்கு ஒன்று சொல்லுவோம். ஜெர்மானிய வீரர்களைப் பண்டை ருஷ்யர் முறியடித்த கதையை ஐசன்ஸ்டைன் என்பார் ‘அலெக்சாண்டர் நெவ்ஸ்கி’ எனப் படமாக்கி 1938இல் வெளியிட்டார். உடன்படிக்கை ஆனதும் அப்படம் கொட்டகைகளினின்றும் மறைந்தது. படையெடுப்பு நிகழ்ந்ததும் அதே படம் திரும்பி வந்தது. படத்தில் ஓர் அடிகூட மாறவில்லை. மாறியது அதனைப் பார்க்கலாமா என்பதே. இங்கிலாந்தின் பொதுவுடைமைக் கட்சித் தலைவர் ஹாரி பாலிட் யுத்தத்தை ஆதரித்ததற்காக 1939இல் பதவியிழந்து, 1941இல் அப்பதவிக்கே மீண்டதும் இவ்வகையினதே.

கள்ள நோட்டு வந்த இடத்தில் நாம் விளக்கவுரை சொல்ல வாயெடுத்தோம். அதற்குள் ஒரு மூதாட்டி சிரித்துவிட்டார். “எங்கம்மா பெட்டியிலயும் கெடந்துச்சு கிராணி ஐயா, வாழமரம் போட்ட நோட்டு. ஜப்பான்காரன் போனதும் அடுப்பு மூட்டத்தான் ஆச்சு” என்றார். அவருடைய தந்தையார் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர். சற்றுப் பொறுத்து, “அந்தப் பக்கத்துத் தோட்டக்காரங்க ரெண்டு பேருல யாரு ஐயா நல்லவன்?” என்று கேட்டார். நமக்கு விடை கூறத் தெரியவில்லை. ஆசிரியருங் கூறவில்லை.

இத்தொல்லைக்கு நம் மொழிபெயர்ப்பும் ஒரு காரணமென்று ஐயுறுகின்றோம். ஆங்கிலத்தில் ‘அல்லைஸ்’ என்னும் சொல், பிணைத்தல் எனப் பொருள்படும் இலத்தீன் அடியிற் பிறந்தது. நம் பத்திரிகைகள் அதனை ‘நேச நாடுகள்’ என்று தமிழாக்கின. பிணைப்பு நேசமாகிவிட்டது! வலியறிதலைச் சொல்லும் இடத்தில் துணைவலியையும் சேர்த்து எண்ணச் சொன்ன திருவள்ளுவர் நமக்குத் ‘துணை’ என்ற நல்ல சொல்லைத் தந்திருக்கின்றார். அவரே ‘கூடா நட்பு’ என ஓர் அதிகாரம் வகுத்து, பகைவரோடு நட்பாகவேண்டிய காலம் வந்தால் முகத்தளவில் அதனை வைத்துக்கொண்டு அகத்திலே விட்டுவிடுமாறும் யோசனை கூறினார். அரசியலில் நேசத்தை அவர் தேடவில்லை. நாம் தேடினோம். 1915 பெப்ருவரியில் சிங்கப்பூரில் சிப்பாய்கள் கலகம் செய்தபோது, அதனை அடக்கப் பிரிட்டிஷாருக்கு உதவியாகக் கரையிறங்கியவர்களுள் ஜப்பானிய மாலுமிகளும் இருந்தனர்; 1902இல் ஏற்பட்ட கூட்டுறவின் பயன் அது. 1923இல் அக்கூட்டு முடிந்தது. 1941 டிசம்பர் 8இல் அதே ஜப்பானியர் கோத்தா பாருவிற் கரையிறங்கியது எதற்கென்பது எல்லோரும் அறிந்ததே.

இனி நூலாசிரியரைப் பற்றிச் சிறிது. 1903இல் வடஇந்தியாவில் மோத்திஹாரி என்னும் ஊரிற் பிறந்தவர். ஐந்தாண்டு பர்மாவிற் போலீஸ் உத்தியோகம் பார்த்தவர். இவையெல்லாம் பாடப்புத்தகத்திலேயே உள்ளன. ஆனால் 1941 முதல் 1943 வரை அவர் லண்டன் பி.பி.சி.யின் இந்தியப் பிரிவிலிருந்து யுத்தச் செய்தி விமர்சனம் எழுதிவந்தார் என்பதும், அவற்றுட் சில தமிழிலும் பெயர்த்து வாசிக்கப்பட்டன என்பதும், ஜப்பானியர் வசமிருந்த மலாயாவுக்கென்றே அவர் தனியாகச் சிலவற்றை எழுதினார் என்பதும் நம்மவர் பலர் அறியாதன. வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்பது இங்கே கொடுந்தண்டனைக்குரிய குற்றமாயிருந்த நாட்கள் அவை. அரசாங்கத் தணிக்கைக்கு உட்பட்டு, கூட்டணியின் குரலாய் ஈராண்டு உழைத்துவிட்டு, 1943 நவம்பரில் அவ்வேலையை விட்டவர், அதே மாதத்திலேயே ‘விலங்குப் பண்ணை’யை எழுதத் தொடங்கினார். பன்றியின் ஆணைகளை மற்ற மிருகங்களுக்கு இனிக்க இனிக்க எடுத்துரைக்கும் ஸ்குவீலர் என்னும் பாத்திரம் அத்துணை உயிரோடு விளங்குவதற்குக் காரணம் இதுவே என்பது நமது துணிபு. உணவுப் பங்கு குறையும்போது அது ‘குறைப்பு’ என்று ஒருநாளுஞ் சொல்லாது. ‘சீரமைப்பு’ என்றே சொல்லும். இவ்விடத்தை நாம் தோட்டத்தில் விரைந்து படித்துக் கடந்துவிட்டோம். ஏனெனில் முன்னொரு காலம் வேறொரு தோட்டத்தில், மேலிடத்திலிருந்து வந்த இத்தகைய சொல்லொன்றைப் பெரட்டில் நின்று உரத்துப் படித்தவர் நாமே. அம்மாதம் சம்பளக் கணக்கில் எவ்வளவு குறைந்ததென்பதையும் நம் கையாலேயே எழுதினோம்.

நூல் எழுதி முடிந்தது 1944 பெப்ருவரியில். அச்சேறியது 1945 ஆகஸ்டு 17இல். இடைப்பட்ட பதினெட்டு மாதங்களும் அந்நூலுக்கு அதன் எட்டாம் அத்தியாயமே வாழ்க்கையாயிற்று. விக்டர் கொல்லான்ஸ் மறுத்தார். ஜானதன் கேப் இசைந்து, பின்னர் செய்தி இலாகா அதிகாரி ஒருவரிடம் யோசனை கேட்டுப் பின்வாங்கினார். பன்றிக்குப் பதிலாக வேறொரு மிருகத்தை வைத்தால் அவ்வளவு மனம் புண்படாதென்றும் எழுதினார். ஃபேபர் கம்பெனியில் இருந்த கவிஞர் டி. எஸ். எலியட், நடையைப் பாராட்டிவிட்டு, அந்நேரத்து அரசியலைக் கண்டிக்க இது தக்க நோக்கன்று என்று திருப்பினார். இவர்களுள் எவரையும் சர்க்கார் கட்டாயப்படுத்தவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ருஷ்யா அப்போது கூட்டாளி, அவ்வளவே. இறுதியில் செக்கர் அண்டு வார்பர்க் வெளியிட்டபோது ஜப்பான் சரணடைந்ததாக அறிவித்து இரண்டே நாள் ஆகியிருந்தது. முதற்பதிப்பு 4,500 பிரதிகள். சில ஆண்டுகளுக்குள் அதே நூல் ருஷ்யாவுக்கு எதிரான ஆயுதமெனக் கொண்டாடப்பட்டது. அந்த மாற்றமும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1947இல் அகதிகளுக்கென உக்ரேனிய மொழியில் அச்சான பிரதிகளுள் 1,500ஐ ஜெர்மனியிலிருந்த அமெரிக்க அதிகாரிகள் பறித்து ருஷ்யரிடமே ஒப்படைத்தனர். புறாக்களுக்குப் புதிய முழக்கம் வந்துசேரவில்லை போலும்.

நம் நாட்டிலும் அம்முழக்கம் மாறியது. மலாயாக் காடுகளில் ஜப்பானியரை எதிர்த்துநின்ற பொதுவுடைமையாளரோடு பிரிட்டிஷார் 1943 இறுதியில் உடன்படிக்கை செய்தனர். 1946 ஜனவரியில் மவுண்ட்பேட்டன் பிரபு சிங்கப்பூரில் அவர்தம் தலைவர்களுக்குப் பதக்கம் அணிவித்தார். 1948 ஜூனில் அவசரகாலம் பிரகடனமாயிற்று. காடு ஒன்றே, ஆட்களும் பெரும்பாலும் அவர்களே.

இத்தனை பாராட்டியபின் நமது குறையையும் சொல்லவேண்டும். ஆர்வெல் பொதுஜன அபிப்பிராயத்தை ஆடுகளின் கத்தலாகவே வைத்துவிட்டார். சொல்லிக்கொடுத்ததைக் கத்தும், மாற்றிச் சொல்லிக்கொடுத்தால் மாற்றிக் கத்தும். இது முழு நியாயமன்று. ஸ்டாலின்கிராட் நகரத்தாருக்குப் பரிசாக ஆறாம் ஜார்ஜ் மன்னர் ஒரு வாள் செய்வித்தார். அது பிரிட்டனில் ஊரூராகக் காட்சிக்கு வைக்கப்பட்டபோது ஜனங்கள் வரிசை வரிசையாக நின்று பார்த்தனர். அவ்வரிசையில் நின்றோரை எந்த ஸ்குவீலர் பிடித்து நிறுத்தினான்? அந்த யுத்தத்தில் மாண்ட ருஷ்ய நாட்டார் இரண்டு கோடியே எழுபது லட்சம் பேரளவினர் என்று இப்போது கணக்கிடுகின்றனர். தாங்கள் குண்டுவீச்சில் வாடியபோது அவ்வளவு பெரும் இரத்தம் வேறோரிடத்தில் சிந்தப்படுகிறது என்று உணர்ந்த மக்களின் நன்றி அது. அங்கே ‘நேசம்’ என்ற சொல் பொருந்தும். 1943 நவம்பரில் தெஹ்ரானில் சர்ச்சில் அவ்வாளை ஸ்டாலினிடம் கொடுத்ததற்கோ, அச்சொல் பொருந்தாது. (ஸ்டாலினிடமிருந்து வாங்கிய தளபதி வோரஷிலோவ் அதனைக் கைதவறக் கீழே விட்டார் என்பது வேறு வேடிக்கை.) மக்களின் நேசத்தை முதலாக வைத்து அரசுகள் கூட்டு வியாபாரம் நடத்தின, வியாபாரம் முறிந்தபோது, மக்களையும் நேசத்தை முறித்துக்கொள்ளச் சொல்லின. இவ்விரண்டாம் பகுதியை ஆர்வெல் கண்டார். முதற்பகுதியைக் காணவில்லை. நம் தோட்டத்து மூதாட்டி எதையும் மறந்தவரல்லர். அவரைப் போன்ற ஒரு மிருகம் அப்பண்ணையில் இல்லை. குளோவர் என்னும் கிழப்பெட்டைக் குதிரை ஏறத்தாழ அப்படி. அதற்கும் பார்வை மங்கவைத்துவிட்டார்.

கடைசி அத்தியாயமோ குறை சொல்ல இடமில்லாதது. பன்றிகளும் மனிதரும் ஒரு மேசையைச் சுற்றியிருந்து விருந்துண்கின்றனர். பில்கிங்டன் எழுந்து, இப்பண்ணையின் கீழ்நிலை மிருகங்கள் அந்த ஜில்லாவிலேயே மிகுதியாக உழைத்து மிகக் குறைவாக உண்பவை என்று மனமாரப் பாராட்டுகின்றான். வல்லரசுகளின் சமாதானம் எதன்மேற் கட்டப்படுகின்றதென்று கேட்டால் நாம் இவ்விடத்தையே காட்டுவோம். இதனைப் படித்தபோது நமது படிப்பகத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னர்ச் சீட்டாட்டம், இரு பக்கத்தாரும் ஒரே சமயத்தில் ஒரே துருப்பை இறக்கிச் சண்டையிடுகின்றனர். தெஹ்ரான் மகாநாட்டினால் வல்லரசுகள் என்றென்றும் ஒன்றாகிவிட்டன என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த வேளையில் தாம் அவ்வாறு நம்பவில்லையென்றும், அதனாலேயே இம்முடிவை எழுதினாரென்றும், அந்த உக்ரேனியப் பதிப்பின் முன்னுரையில் ஆர்வெலே கூறுகின்றார். 1944இல் பத்திரிகாசிரியர் பலருக்குத் தெரியாதது இவருக்கு ஒரு சீட்டுமேசையில் தெரிந்தது.

1954இல் இந்நூல் சித்திரப் படமாக வெளிவந்தது. செலவுக்குப் பணம் உதவியது அமெரிக்க உளவு ஸ்தாபனமாகிய சி.ஐ.ஏ. என்பது பின்னர் வெளிப்பட்டது. அப்படத்தின் கடைசி விருந்தில் மனிதர்களே இல்லை! பிற பண்ணைகளின் பன்றிகள்தாம் விருந்தினர். முடிவில் மிருகங்கள் மீண்டும் கிளர்ந்தெழுகின்றன. ஒரு பக்கத்தாரின் குற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டு, இரு பக்கத்தாரும் கூடியிருந்த மேசையை அப்புறப்படுத்திவிட்டனர். படத்தை மட்டும் பார்த்துவிட்டு நூலைப் படித்துவிட்டதாக எண்ணும் நேயர்கள் இதனை ஊன்றிக் கவனிப்பாராக.

இச்செய்தியை நாம் படிப்பகத்திற் கூறியபோது, வாழைமர நோட்டைப் பற்றிச் சொன்ன மூதாட்டி வெற்றிலையை மென்றுகொண்டே சிறிது நேரம் யோசித்தார். பிறகு கேட்டார்: “மனுசன எடுத்துட்டா, அப்புறம் பன்னி யாருகிட்ட ஐயா மரம் வித்துச்சு?”