முதல் வளைவில் முட்டாமல்

ஐரேசிங் என்ற கணினிக் கார்ப் பந்தய விளையாட்டில் ஸ்பா தடத்தில் பந்தயம் தொடங்கினால், லா சோர்ஸ் என்ற கொண்டை ஊசி வளைவுக்குள் எல்லாக் கார்களும் ஒன்றாக நுழையப் பார்க்கும். ஆளின் குணம் அங்கேதான் தெரியும். பக்கத்தில் ஒருத்தர் வந்துவிட்டால் ஒரு கார் அகலம் விட வேண்டும். பிரேக் பிடிக்கும்போது குறுக்கே நகரக் கூடாது. பலமாக மோதினால் தவறு யாருடையது என்று கணினி விசாரிக்காது, இருவர் கணக்கிலும் 4 விபத்துப் புள்ளி ஏறும். அநியாயம்தான். ஆனாலும் அந்தப் பயத்தில்தான் பலர் கண்ணாடி பார்த்து ஓட்டுகிறார்கள்.

எனக்கு உயிர், அதே தடத்தின் கெம்மல் நேர்பாதை. முன்னால் போகிறவரின் காற்று மறைவில் ஒட்டிக்கொண்டே போய், லே கோம்ப் வளைவில் கதவோடு கதவாகத் திரும்பி, உரசாமல் வெளியே வருவது. போன வாரம் பதினோராம் இடத்துக்கு அப்படி ஒரு சண்டை. தோற்றேன். இடம் விட்டதற்கு நன்றி என்று அரட்டைப் பெட்டியில் எழுதினார் ஜெயித்தவர். பதில் தட்டக் கை வரவில்லை. விரல்கள் இன்னும் ஸ்டீயரிங்கையே பிடித்திருந்தன.