கண்ணும் கையும்
ஆங்கிலப் போலீஸ் நாடகங்களும் நம் சுவையும்

இங்கிலாந்துத் தொலைக்காட்சிக்கெனச் சென்ற நூற்றாண்டில் எழுதப்பெற்ற போலீஸ் நாடகங்கள் நம்மவருள் ஒரு சாராருக்குப் பெருவிருப்பம் ஊட்டுவனவாய் இருக்கின்றன. பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர்கள், இரவில் பெட்டியின் முன்னமர்ந்தோ கைபேசியை ஏந்திக்கொண்டோ, எங்கோ மழை பெய்யும் ஓர் ஆங்கில ஊரில் எவரையோ கொன்றவர் யாரென்று அறியக் கண் துஞ்சாதிருக்கின்றனர். ‘கொலையைக் கண்டு களிப்பதும் ஒரு சுவையா?’ என்று பெரியோர் கேட்கின்றனர். ‘வெள்ளைக்காரன் ஊர்க் குற்றம் நமக்கெதற்கு?’ என்று இளைஞர் கேட்கின்றனர். இரண்டும் கேட்கத்தக்க கேள்விகளே. ஆயினும் இதனை வெறும் பொழுதுபோக்கென்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. ஒரு சமூகம் எவ்விதக் கதைக்குக் கைதட்டுகின்றதோ, அவ்விதமே நியாயத்தைப் பற்றிய அதன் எண்ணமும் அமையும். ஆகவே, இந்நாடகங்களில் நம்மைக் கவர்வது யாது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

1955இல் பி.பி.சி. ‘டிக்சன் ஆப் டாக் கிரீன்’ என்னும் தொடரைத் தொடங்கியது. அது 1976 வரை நடைபெற்றது. ஜாக் வார்னர் என்னும் நடிகர், லண்டனில் ரோந்து சுற்றும் ஜார்ஜ் டிக்சன் என்னும் எளிய போலீஸ்காரராக அதில் தோன்றினார். 1950இல் வந்த ‘தி புளூ லாம்ப்’ என்னும் திரைப்படத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட பாத்திரம் அது. எழுத்தாளர் டெட் வில்லிஸ் அதனைத் தொலைக்காட்சியில் மீண்டும் உயிர்ப்பித்தார். டிக்சன் பார்ப்போரை நேரே நோக்கி நின்று, அண்டை வீட்டுக்காரர் போல் மாலை வணக்கம் கூறிக் கதையைத் தொடங்குவார். அவரிடம் வீரமுமில்லை, ஆர்ப்பாட்டமுமில்லை. பொறுமையே அவருடைய ஆயுதம்.

இவ்வளவு நல்ல போலீஸ்காரர் உலகத்தில் உண்டோ என்று ஐயுற்றவர்கள் 1962இல் ‘இஸட் கார்ஸ்’ என்னும் தொடரைக் கொண்டுவந்தனர். வட இங்கிலாந்தின் தொழிலாளர் குடியிருப்பில் காரில் சுற்றும் இப்போலீஸ்காரர்கள் சூதாடினர், மனைவியோடு சண்டையிட்டனர், சோர்ந்தனர். உடையணிந்தோனும் குறையுள்ள மனிதனே என்று அத்தொடர் துணிந்து காட்டிற்று. 1987 முதல் 2000 வரை 33 படங்களாக வந்த ‘இன்ஸ்பெக்டர் மோர்ஸ்’ இன்னும் ஒரு படி சென்றது. ஜான் தா நடித்த அந்த இன்ஸ்பெக்டர் பேரறிவாளர். ஆனால் அடிக்கடி தவறான ஆளைச் சந்தேகிப்பார். சான்று வேறு பக்கம் காட்டும்போது தம் கருத்தைத் தாமே கைவிடுவார். 1991இல் தொடங்கிய ‘பிரைம் சஸ்பெக்ட்’ நாடகத்தில் ஹெலன் மிரன் நடித்த ஜேன் டெனிசன் என்னும் பெண் அதிகாரி, கொலையாளியைத் தேடுவதோடு, பெண்ணுக்குக் கீழ்ப்படிய மனமில்லாத ஆண்களையும் எதிர்த்து நிற்கிறார்.

இந்நாடகங்கள் நான்கும் ஒன்றுக்கொன்று மாறுபட்டவை. எனினும் இவற்றின் அடியில் ஓடும் கருத்து ஒன்றே. ‘இவன்தான் செய்தான் என்று நீ எப்படி அறிந்தாய்?’ என்னும் கேள்விக்கு விடை கூறாமல் எவரும் கதையை முடிக்க முடியாது. பெரிய அதிகாரியின் கோபம் விடையாகாது. ஊராரின் வெறுப்பு விடையாகாது. ஒரு பொத்தான், ஒரு கடிதம், பேச்சில் நேர்ந்த ஒரு முரண்பாடு ஆகிய இவையே விடையாகும். பார்ப்பவரும் உடனிருந்து கணக்குப் போடுகிறார், ஏமாறுகிறார், திருத்திக்கொள்கிறார். இவ்வறிவின் உழைப்பே அந்நாடகங்களின் இன்பம் என்போம்.

இஃது அயலார் சரக்கென்று எண்ண வேண்டுவதில்லை. தமிழிலக்கியத்தில் இதன் வேர் ஆழமானது. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனால் ஒத்துப் பார்க்க வேண்டுமென்றும், ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல்லும் ஒத்திருந்தால்தான் நம்ப வேண்டுமென்றும் வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில் விதித்தார். சிலப்பதிகாரமோ, விசாரணையின்றி நடந்த ஒரு கொலையின் கதையே. பொற்கொல்லன் பழி சுமத்தினான்; மன்னன் ஆராயாது ஆணையிட்டான்; ‘இவன் கள்வனாகத் தோன்றவில்லையே’ என்று காவலர் தயங்கியபோதும் பொற்கொல்லன் வாதம் வென்றது; அறிவற்ற ஒருவனுடைய வாள் கோவலனை வீழ்த்திற்று. அப்புறம் கண்ணகி என் செய்தாள்? அழுது புலம்பியதோடு நின்றாளில்லை. சிலம்பை உடைத்தாள். அரசியின் சிலம்பில் முத்து. அவள் சிலம்பில் மாணிக்கம். உலகத்துத் துப்பறியும் கதைகளில் இதனினும் தெளிவான சான்று எது? அதைக் கண்டுபிடித்துக் காட்டியவளும் ஒரு பெண்ணே.

நாம் வாழும் மலாக்காவும் இப்பாடத்தைக் கற்றதோர் ஊர். சுல்தான் மகமூது ஆட்சியில் பெண்டகாரா பதவியிலிருந்த துன் முத்தகிர் 1510இல் கொல்லப்பட்டார். இங்கிருந்த தமிழ் வணிகப் பெருமக்களிருவரின் வழக்கில் தொடங்கிய ஒரு புறங்கூற்று, வாய்க்கு வாய் பெருத்து, அரசத் துரோகம் என்னும் பழியாகச் சுல்தானின் செவியை எட்டியதென்று ‘செஜாரா மெலாயு’ கூறுகின்றது. விசாரணை நடக்கவில்லை. மறு ஆண்டு, 1511இல், போர்த்துகீசியர் கோட்டையைப் பிடித்தனர். ஒன்றால் மற்றொன்று விளைந்ததென்று நாம் கூறவில்லை. ஆனால், ஆராயாது தண்டிக்கும் அரசு தன் வீட்டுத் தூணையே வெட்டிக்கொள்கிறது என்பது மட்டும் திண்ணம்.

அரசர் கதை இருக்கட்டும். நம் தோட்டத்து லயத்துக்கு வருவோம். ஒரு தோடு காணாமற்போனால் மை போட்டுப் பார்ப்பவரிடம் ஓடுவதும், கோயிலில் எரியும் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வதும் நம் பாட்டன் பாட்டியர் கண்ட வழக்கம். அந்த மையில் எவருடைய முகம் தெரிந்தது? பெரும்பாலும் ஊராருக்கு ஏற்கெனவே பிடிக்காதவனுடைய முகம். புதிதாய் வந்து சேர்ந்தவனுடைய முகம். கேட்பாரற்ற ஒரு விதவையின் முகம். மனத்திலிருந்த வெறுப்பே மையில் உருவாயிற்று. இவ்விருளிலிருந்து விடுபடுவதற்குப் பகுத்தறிவுப் பிரசங்கம் ஒரு வழியென்றால், நல்ல துப்பறியும் கதை மற்றொரு வழி. ‘சத்தியம் செய்’ என்பதை விட்டு ‘சான்று காட்டு’ என்று கேட்க அது கற்பிக்கிறது.

இந்த நன்மையை முதலில் தமிழருக்குத் தந்தவர்கள் நாவலாசிரியர்களே. ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ 1908இல் வெளிவந்தது; அதில் வந்த துப்பறியும் கோவிந்தன் வீடுதோறும் அறிமுகமானான். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் மேனாட்டுக் கதைகளைத் தழுவித் தமிழில் ஏராளமாக எழுதினர். ‘இவை மட்டமான நூல்கள்’ என்று புலவர்கள் இகழ்ந்தனர். நடையிலும் அமைப்பிலும் குறைகள் பல உண்டென்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால், ஏட்டையே தொடாத எத்தனையோ பேரைப் படிக்க வைத்ததோடு, ‘ஏன், எப்படி’ என்று கேட்கவும் வைத்தவை அவை.

திரைப்படத்தில் இவ்வகையின் சிகரமென்று நாம் கருதுவது 1954இல் ஏவி.எம். வெளியிட்ட ‘அந்த நாள்’. எஸ். பாலசந்தர் இயக்கிய அப்படத்தில் பாட்டில்லை, நடனமில்லை. இரண்டாம் உலக யுத்த காலத்துச் சென்னையில், சிவாஜி கணேசன் நடித்த கதாநாயகன் தொடக்கத்திலேயே சுடப்பட்டுக் கிடக்கிறான். ஜாவர் சீதாராமன் நடித்த துப்பறியும் அதிகாரி ஒவ்வொருவரையும் கேட்கிறார். ஒவ்வொருவரும் ஒவ்வொருவர் மேல் ஐயங்கொள்கின்றனர். எவரையும் அவர் அடிக்கவில்லை. கேள்வியாலேயே உண்மை வெளிப்படுகிறது. படம் வெளிவந்த காலத்தில் வசூலில் பெருவெற்றி காணவில்லை. அதுவே நம் சுவையைப் பற்றிய ஒரு சாட்சியமன்றோ?

பிறகு நாம் எதற்குக் கைதட்டினோம்? 1974இல் வந்த ‘தங்கப்பதக்கம்’ கடமைக்காகத் தன் மகனையே சுடும் போலீஸ் அதிகாரியைக் காட்டிற்று. சிவாஜியின் நடிப்புக்கு ஈடில்லை. நாமும் கண்ணீர் விட்டோம். ஆயினும் அங்கேயே நீதிமன்றம் மறைந்து துப்பாக்கி முன்வந்துவிட்டது. 2003இல் ‘காக்க காக்க’, 2010இல் ‘சிங்கம்’ என்று பின்வந்த படங்களில் விசாரணைக்கு வேலையே குறைந்து போயிற்று. குற்றவாளி இன்னானென்று கதாநாயகனுக்கு முன்னமே தெரியும், நமக்கும் தெரியும். எஞ்சியிருப்பது அடியும் உதையும் சுடுதலுமே. மை போட்டவர் போய், மீசை முறுக்கியவர் வந்தார். ஆராயாமலே அறிந்துவிடும் மந்திரம் மட்டும் மாறவில்லை.

‘கதைதானே, இதற்கிவ்வளவு கவலையா?’ எனின், கூறுவோம். 2020 ஜூனில் தமிழ்நாட்டுச் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்னும் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் சித்திரவதைக்குள்ளாகி இறந்தனர். அப்போது ‘சிங்கம்’ படத்தை இயக்கிய ஹரி, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அறிக்கை வெளியிட்டார். அவர் நேர்மையைப் போற்றுகின்றோம். ஆனால் டிக்கெட் வாங்கிய நாமல்லவா அவ்வறிக்கையில் உடன் கையொப்பமிட்டிருக்க வேண்டும்!

நம் நாட்டிலும் இத்துயர் இல்லாமலில்லை. 2009 ஜனவரியில் குகன் என்னும் தமிழ் இளைஞர் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் இறந்தார். அம்மரணத்துக்குப் போலீசும் அரசும் பொறுப்பென்று 2013இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டுமென்று அரச விசாரணை ஆணையம் 2005இலேயே பரிந்துரைத்தது. அதனினும் அதிகாரம் குறைந்ததோர் ஆணையம் 2023 ஜூலையில்தான் செயற்படத் தொடங்கிற்று. திரையில் ‘போடு, இன்னும் இரண்டு போடு!’ என்று நாம் ஆர்ப்பரிக்கும்போது, லாக்கப்பில் கிடக்கும் அந்தப் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்று ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

எண்ணிப் பார்த்த கலைஞரும் உளர். மு. சந்திரகுமார் தம் அனுபவத்தைக் கொண்டு எழுதிய ‘லாக்கப்’ என்னும் நூலைத் தழுவி, வெற்றிமாறன் 2015இல் ‘விசாரணை’யைப் படைத்தார். பிழைப்புத் தேடி ஆந்திரத்துக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர் சிலர், செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளும்படி அடிக்கப்படுகின்றனர். கடல் கடந்து பிழைக்க வந்தவர் வழித்தோன்றல்களாகிய நமக்கு அக்கதையை விளக்க வேண்டுவதில்லை.

நிற்க. ஆங்கில நாடகங்களை மெய்யென நம்பி மயங்குவதும் அறிவுடைமையன்று. டிக்சன் லண்டனில் மாலை வணக்கம் கூறிய அந்த 1955ஆம் ஆண்டில், அதே ஆங்கிலேயர் ஆட்சி மலாயாவில் அவசரகாலச் சட்டத்தின்கீழ் வழக்கு விசாரணையின்றியே மக்களைச் சிறையிலடைத்து வந்தது. அதற்கு முன், 1941இல், கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது துப்பாக்கியே விடை கூறிற்று. இங்கிலாந்திலும், குண்டு வைத்தனரென்று 1975இல் தண்டிக்கப்பட்ட பர்மிங்காம் அறுவர், ஒப்புதல் வாக்குமூலங்கள் நம்பத்தகாதவையெனக் கண்ட பின் 1991இல்தான் விடுதலையாயினர். ஆகவே அந்நாடகங்கள் அந்நாட்டின் கண்ணாடியல்ல. அந்நாடு தனக்கு எழுதிக்கொண்ட வாக்குறுதி. வாக்குறுதியை மீறினோரும் அங்கே உண்டு. ஆனால் எழுதி வைத்த வாக்குறுதியைக் காட்டிக் கேள்வி கேட்கலாம். எழுதாத இடத்தில் எதைக் காட்டுவது?

நமக்கும் ஒரு வாக்குறுதி எழுத்தில் உண்டு. கைது செய்யப்பட்டவருக்கு அதன் காரணத்தைக் கூற வேண்டும். அவர் வழக்கறிஞரை நாட இடங்கொடுக்க வேண்டும். இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வேண்டும் என்று மலேசிய அரசியல் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு கூறுகின்றது. இதனை அறியாத தமிழர் நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் எத்தனை பேர்! நம் எழுத்தாளரும் நாடகக்காரரும் இதனைக் கதையாக்கித் தரலாகாதா? அடிக்காமல் கண்டுபிடிக்கும் ஓர் இன்ஸ்பெக்டரை, தம்பிக்காக ஸ்டேஷன் வாயிலில் நின்று சட்டம் பேசும் ஓர் அக்காளை, நம் மேடையில் ஏற்றலாகாதா?

மலாய் மக்கள் முற்காலத்தில் போலீஸ்காரரை ‘மாத்தா மாத்தா’ என்றழைத்தனர். ‘மாத்தா’ என்றால் கண். அப்பெயரிட்டவர் அறிவுடையோர். போலீஸ் என்பது சமூகத்தின் கண்ணாயிருக்க வேண்டும். நாமோ திரையில் அதனைக் கையாக்கி, அக்கை ஓங்கும்போதெல்லாம் மகிழ்ந்தோம். நல்ல போலீஸ் நாடகம் எதுவென்று கேட்பார்க்கு நாம் கூறும் விடை இதுவே: முடியும்போது நம் கைகளைத் தட்ட வைப்பதன்று, நம் கண்களைத் திறந்து வைப்பது.