பாயிண்ட் வைக்கும் வேலை

பழைய அம்பாசடரின் பானெட்டைத் தூக்கினால் எஞ்சினைச் சுற்றிக் கை நுழைய இடமிருக்கும். எனக்கு அதுதான் அந்த வண்டியின் அழகு. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடியொற்றி 1958 முதல் 2014 வரை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த கார். அதன் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினை அனந்தபுரத்தில் வீட்டு வாசல் வேப்பமர நிழலிலேயே பார்த்துக்கொள்ளலாம். செஞ்சி வரைக்கும் ஓட்டிப்போக வேண்டியதில்லை.

எனக்குப் பிடித்தது பாயிண்ட் வைப்பது. இக்னிஷனை அணைத்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்பையும் தள்ளி, ரோட்டாரை உருவினால் பாயிண்ட் என்கிற அந்தச் சின்ன இரட்டை முனை தெரியும். தீய்ந்து குழி விழுந்திருந்தால் நைஸான உப்புத்தாளால் தேய்த்து, பெட்ரோல் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். வண்டியை டாப் கியரில் போட்டு மெல்லத் தள்ளினால் கேம் சுழலும். அதன் மேடு முனைகளை முழுதாக விரிக்கும் இடத்தில் நிறுத்தி, 15 தவ் ஃபீலர் கேஜை, அதாவது ஏறக்குறைய 0.4 மி.மீ. தகட்டை, நுழைக்க வேண்டும். தகடு லேசாக உரசிக்கொண்டு வழுக்க வேண்டும். பிடிக்கவும் கூடாது, லொடலொடவென்று ஆடவும் கூடாது. விரல் நுனிக்கு அந்த உரசல் பிடிபடும்போது வருகிற நிறைவே தனி. இடைவெளியைச் சரிசெய்யத் தளர்த்திய ஸ்க்ரூவை மறுபடி முடுக்கும்போது அது நகர்ந்துவிடும். முடுக்கியபின் மறுபடி பார்த்தே ஆகவேண்டும்.

பிளக் வயர்களைக் கழற்றினால் 1-3-4-2 வரிசை மாறாமல் மாட்டுங்கள். புதுப் பாயிண்ட் வாங்கும்போது கண்டென்சரையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். அது கெட்டிருந்தால் புது முனையும் சீக்கிரமே தீய்ந்துபோகும்.