அட்டவணை தீர்ந்துபோகும் இடம்

ஒன்பது பேர் மேசைக்கு ஓர் அட்டவணை, ஆறு பேர் மேசைக்கு ஒன்று, இருவர் மட்டும் மோதும் ஹெட்ஸ்-அப்புக்கு இன்னொன்று. பதின்மூன்றுக்குப் பதின்மூன்று கட்டம் போட்டுப் பச்சையும் சிவப்பும் அடித்த இந்தப் படங்களைக் கைபேசியில் வைத்து மனப்பாடம் செய்வதுதான் இன்றைக்கு ஹோல்டெம் போக்கர் படிப்பு என்று ஆகிவிட்டது. முழு மேசையில் ஆடிப் பழகியவர் சிறிய மேசைக்கு மாற வழி கேட்டால் ஒரே பதில்தான் வருகிறது: ஆள் குறைந்தால் கைகளைக் கூட்டு, முந்திக்கொண்டு ரெய்ஸ் பண்ணு. கூடவே ஒரு படத்தையும் அனுப்பிவைக்கிறார்கள். சால்வர் மென்பொருள் போட்ட கணக்கு, அதில் என்ன பிழை இருக்க முடியும் என்பது அவர்கள் கட்சி.

கணக்கில் பிழை இல்லை. ஒரு சுற்றுக்கு ஒன்றரை பிக் பிளைண்ட் கட்டியே ஆக வேண்டும். ஒன்பது பேர் இருந்தால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆறில் ஒரு பங்கு பிளைண்ட் செலவு; ஆறு பேர் என்றால் கால் பங்கு; மூன்றே பேர் என்றால் அரை. நல்ல கை வரட்டும் என்று உட்கார்ந்திருப்பவரை அந்தக் காத்திருப்பே தின்றுவிடும். இரண்டு ஏஸ் வைத்திருப்பவர் எட்டுப் பேரை எதிர்த்துக் கடைசிவரை போனால் வெல்வது ஏறத்தாழ 35 சதவீதம், ஒருவரை மட்டும் எதிர்த்தால் 85. சின்னம் வேறான குயின்-ஏழு முழு மேசையில் குப்பை. கண்ணை மூடிக்கொண்டு ஆடும் ஒரே எதிராளிக்கு முன்னால் அதுவே பாதிக்கு மேல் வெல்லும். ஆக, தளர்த்தச் சொல்வது சரிதான்.

ஆனால் எதை வைத்துத் தளர்த்துவது? நாற்காலிகளை எண்ணி என்கிறார்கள். எண்ண வேண்டியது நமக்குப் பின்னால் இன்னும் பேசாமல் இருப்பவர்களை. முதல் ஐந்து சதவீதக் கைகளில் ஒன்று அவர்களில் யாரிடமாவது இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று பார்த்தால், எட்டுப் பேர் மிச்சமிருக்கும்போது 34 சதவீதம், ஐந்து பேர் என்றால் 23, இரண்டு பேர் என்றால் பத்து. பட்டனில் இருப்பவருக்குப் பின்னால் எப்போதும் இரண்டு பேர்தான். மேசையில் ஒன்பது பேரா ஆறு பேரா என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒன்பது பேர் மேசையில் முதல் மூவர் ஃபோல்ட் செய்துவிட்டால் மிச்சமிருப்பது ஆறு பேர் மேசைதான். (மூவரும் சின்னச் சீட்டுகளைத்தானே எறிந்திருப்பார்கள், பெரிய சீட்டுகள் மற்றவர் கையில் சற்று அதிகம் இருக்குமே என்று கேட்கலாம். இருக்கும், அந்த வித்தியாசம் ஆட்டத்தை மாற்றும் அளவுக்கு இல்லை.) முழு மேசை அட்டவணையின் கடைசி ஆறு இடங்களைத் தனியே வெட்டி, புதிது என்று கொடுக்கிறார்கள். வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

இதுகூடச் சின்னக் குறைதான். நெடுநாளாக எனக்கிருக்கும் மறுப்பு வேறு. இந்த அட்டவணைகள் ஃப்ளாப் விழுந்ததும் தீர்ந்துபோகின்றன. சிறிய மேசையில் பணம் போகத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான்.

பட்டனில் இருப்பவர் இரண்டரை பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்கிறார், ஸ்மால் பிளைண்ட் விலகுகிறார், நம் ஆட்டக்காரர் பிக் பிளைண்டில் இருக்கிறார். நாலு பிளைண்ட் கிடக்கும் பாட்டுக்கு ஒன்றரை போட்டால் போதும். 27 சதவீத வாய்ப்பு இருந்தாலே கட்டுப்படியாகும். அட்டவணை பச்சை காட்டுகிறது, கால் செய்கிறார். பாட்டில் இப்போது ஐந்தரை. ஃப்ளாப் வருகிறது. ஜோடி இல்லாத எந்த இரண்டு சீட்டுக்கும் மூன்றில் இரண்டு முறை ஃப்ளாப்பில் ஒன்றும் ஒட்டாது. பட்டன்காரர் பாதிப் பாட், அதாவது இரண்டேமுக்கால் பெட் வைக்கிறார். நம்மவர் முழு மேசையில் வளர்ந்தவர். அங்கே நாலைந்து பேர் ஃப்ளாப் பார்ப்பார்கள், யாருக்காவது ஒட்டியிருக்கும், ஒட்டாதவர் ஒதுங்குவதுதான் புத்திசாலித்தனம். அந்தப் பழக்கத்தில் சீட்டைக் கீழே வைக்கிறார். பாதிப் பாட் பெட் மூன்றில் ஒரு முறை பலித்தாலே முதலுக்கு மோசமில்லை. இவரோ மூன்றில் இரண்டு முறை விட்டுக்கொடுக்கிறார். பட்டன்காரர் தன் சீட்டைப் பார்க்கக்கூட வேண்டியதில்லை.

இவருக்கு அட்டவணை செய்த உதவி என்ன? முன்பு பத்துக் கைகளில் இரண்டுடன் இப்படிப் பின்வாங்கிக்கொண்டிருந்தவரை ஐந்துடன் பின்வாங்கவைத்தது. கைகளைக் கூட்டக் கூட்ட அவை மெலியும். ஒட்டினாலும் சின்ன ஜோடியாக ஒட்டும். சின்ன ஜோடியை டர்னிலும் ரிவரிலும் தாங்கிப் பிடிக்கப் பழகாதவர் அதையும் ஒரு பெட்டுக்கு எறிவார். ஒரு மாதம் தோற்றதும், இன்னும் போதிய அளவு தளரவில்லை போலிருக்கிறது என்று படத்தை மறுபடி திறப்பார்.

சால்வரின் பச்சைக் கட்டத்தில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. பட்டனில் கிங்-எட்டை வைத்து ரெய்ஸ் செய்தால் லாபம் என்று அது சொல்வது, ஃப்ளாப்பிலும் டர்னிலும் ரிவரிலும் அந்தக் கையைத் தானே ஆடும் என்ற கணக்கில். பொதுவாக நூறு பிளைண்ட் கையிருப்பு, தன்னைப் போலவே பிழையின்றி ஆடும் எதிராளி என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு அது. விளிம்பில் இருக்கும் கைகளுக்கு அதன் கையிலேயே லாபம் பூஜ்யத்தை ஒட்டித்தான். சீட்டைப் பிடிப்பவர் மாறினால் பச்சை சிவப்பாகிவிடும். சின்னத் தொகை மேசைகளில் ஃப்ளாப் பார்த்த பாட்டிலிருந்து ரேக் எடுக்கும்போது இன்னும் சீக்கிரம் ஆகிவிடும்.

இது இந்தத் தலைமுறையின் குற்றம் மட்டுமில்லை. 1988-ல் டேவிட் ஸ்க்லான்ஸ்கியும் மேசன் மால்முத்தும் தொடக்கக் கைகளை எட்டுக் குழுக்களாகப் பிரித்தார்கள். அதே நூலில் ஃப்ளாப்புக்குப் பிந்தைய ஆட்டம் பற்றி எத்தனையோ பக்கங்கள் இருந்தும், ஊர் பிடித்துக்கொண்டது அந்த எட்டுக் குழுக்களைத்தான்.

2019-ல் ஆறு பேர் மேசையில் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்ற புளூரிபஸ் நிரலையும் இந்த அட்டவணைக்காரர்கள் சாட்சிக்கு அழைப்பதுண்டு. அந்தச் சாட்சி அவர்களுக்கு எதிராகத்தான் பேசும். ரெய்ஸ் செய்யாமல் வெறுமனே பிளைண்டைக் கட்டி உள்ளே வருவது ஸ்மால் பிளைண்டைத் தவிர மற்றவர்களுக்கு நல்லதல்ல என்ற பழைய அறிவையே அது உறுதிப்படுத்தியது. ஃப்ளாப்புக்கு முன்னால் பெரிய புரட்சி எதுவும் இல்லை. அது மனிதர்களிடமிருந்து விலகியது பிற்பாடு: முந்தைய சுற்றில் கால் மட்டும் செய்துவிட்டு அடுத்த சுற்றில் தானே முதலில் பெட் வைப்பதை, நம்மவர்கள் கற்றுக்குட்டித்தனம் என்று ஒதுக்கியதை, அது தாராளமாகச் செய்தது.

2003 உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் கடைசி இருவர் ஆடிய அந்தக் கையை இந்த விளையாட்டில் ஆர்வமுள்ள யாரும் மறந்திருக்க முடியாது. சாமி ஃபர்ஹாவிடம் குயின்-ஒன்பது, அதாவது ஒன்பதில் ஜோடி. மேசையில் கிடந்ததில் ஒன்பதுதான் பெரிய சீட்டு. கிறிஸ் மணிமேக்கரிடம் கிங்-ஏழு, ஃபிளஷும் வரவில்லை, ஸ்ட்ரெய்ட்டும் வரவில்லை. ரிவரில் மணிமேக்கர் எல்லாவற்றையும் தள்ளினார். ஃபர்ஹா யோசித்து யோசித்துச் சீட்டைப் போட்டுவிட்டார். மேசையில் மூன்று ஸ்பேட் கிடந்தன, பயம் நியாயமானதுதான். ஆனால் கிங்-ஏழை ஆடலாமா, குயின்-ஒன்பதை ஆடலாமா என்று எந்த அட்டவணையைக் கேட்டிருந்தாலும் இருவருக்கும் ஒரே பதில்தான் கிடைத்திருக்கும்: ஆடலாம். அந்தப் பாட் யாருக்கு என்பது டர்னிலும் ரிவரிலும் தீர்மானமானது.

ஃப்ளாப்பையும் அட்டவணையாகப் போட முடியாதே என்பார்கள். முடியாதுதான், 22,100 ஃப்ளாப்புகள் உண்டு, சின்னங்களின் வேறுபாட்டைச் சுருக்கினாலும் 1,755. போட முடிந்ததையே பாடமாக்கி, போட முடியாததைப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பதுதான் என் புகார். முழு மேசையிலிருந்து வருகிறவர் பட்டனில் கிங்-எட்டை இப்போதைக்கு எறியட்டும். போவது அற்ப லாபம். அந்த நேரத்தை ஒரே ஓர் இடத்துக்குக் கொடுக்கட்டும்: பிக் பிளைண்டில் உட்கார்ந்து, கையில் நடு ஜோடியோடு, பாதிப் பாட் பெட்டை ஃப்ளாப்பிலும் டர்னிலும் இரண்டு முறை எதிர்கொள்ளும் இடம். ஒன்பது பேர் மேசையில் அந்த நாற்காலி ஒன்பது ஆட்டத்துக்கு ஒருமுறை வரும். இங்கே ஆறுக்கு ஒருமுறை.