பச்சை அடித்த பால்மரம்

கெமாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தைப் பென்சிலில் வரைந்து, ஸ்கேன் செய்து, கணினியில் வண்ணம் தீட்டும்போது முதலில் காணாமல் போவது இருட்டுதான். கோடு துலங்க கான்ட்ராஸ்ட்டைக் கூட்டுகிறார்கள். பென்சிலின் மெல்லிய சாம்பல் தீற்றல்கள் அதோடு போச்சு. பிறகு அடி லேயரில் பளிச்சென்று பச்சை. ஆனால் மரம் சீவுவது வெயில் ஏறுமுன். குளிர்ச்சியில்தானே பால் நன்றாக ஓடும்? நெற்றிவிளக்கில் பட்டை மட்டும் தெரியும், மற்றதெல்லாம் கருமை. அதைப் பட்டப்பகலாக்கினால் உழைப்பு போய், சுற்றுலா அட்டைதான் மிஞ்சும்.

கார்ட்டூனிஸ்ட் லாட் 1979இல் 'கம்போங் பாய்' நூலைக் கறுப்பு வெள்ளையில்தான் தந்தார். பின்னாளில் வண்ணத்தில் வந்த தொலைக்காட்சித் தொடரைவிட எனக்கு அந்தக் கோடுகள்தான் ஒசத்தி.

வண்ணமே வேண்டாம்னு சொல்லலை. விளக்கு விழும் இடத்தில் கொஞ்சம் மஞ்சள் போதும்; மீதியைப் பென்சிலுக்கே விடுங்கள்.