சைரன் இல்லாத அவசரம்

பசறையிலிருந்து பதுளைக்கு வரும் பாதையில் சைரன் கேட்டால், வண்டி முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்று சட்டெனச் சொல்ல முடியாது. ஓசை எதிர்மலையில் மோதித் திரும்பும். ஒரு பக்கம் மண்மேடும் கானும், மறுபக்கம் பள்ளம். ஒதுங்கு என்றால் எங்கே ஒதுங்குவது? கொழுந்து நிறுத்துவிட்டு ஓரமாக நடக்கும் பெண்ணும் பள்ளிவிட்டு வரும் பிள்ளையும்தான் முதலில் விலக வேண்டியவர்கள். அவசர வண்டிச் சாரதிக்கு வீதிச் சட்டம் எவ்வளவு விலக்குத் தரலாம் என்பதை ஊவாவில் இந்த இடத்தில் நின்றுதான் கேட்க வேண்டும்.

விலக்கே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். குளவி கொட்டி மூச்சுத் திணறும் தொழிலாளிக்கும், பிரசவத்தில் இரத்தம் போய்க்கொண்டிருக்கும் தாய்க்கும் ஒவ்வொரு நிமிடமும் உயிர். 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய ‘1990 சுவசெரிய’ அம்புலன்ஸ் சேவை பின்னர் ஊவாவுக்கும் வந்தது. காசு கேட்காமல் வரும் அந்த வண்டி தோட்டத்து மக்களுக்குப் பெரிய ஆறுதல். அவசர வண்டிக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம் என்று இந்தியாவின் 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் சொல்கிறது. அந்தக் கண்டிப்பு நியாயமானது.

ஆனால் வேகத்துக்குத் தரும் விலக்கு கவனத்துக்குத் தரும் விலக்கல்ல. இங்கிலாந்துச் சட்டம் அம்புலன்ஸை வேக எல்லையிலிருந்து விடுவிக்கிறது. ஆபத்தாக ஓட்டிய குற்றத்திலிருந்து விடுவிப்பதில்லை. நமது இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவும், கவனயீனத்தால் மரணம் விளைவித்தவருக்கு ஐந்து வருடம் வரை சிறை என்கிறது. சைரன் போட்டவர், போடாதவர் என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் கிடைக்கும் இரண்டு நிமிட லாபத்துக்கு, பின்னால் படுத்திருக்கும் நோயாளியும் அவருக்கு ஊசி ஏற்ற முயலும் பணியாளரும் உடம்பால் விலை கொடுக்கிறார்கள்.

எனக்குள்ள குறை வேறு. விபத்து நடந்தால் பொறுப்பு சாரதியின் ஆசனத்தோடு நின்றுவிடுகிறது. 2021 மார்ச் 20 அன்று பசறை 13ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்து பலர் இறந்தபோது, பாதையில் விழுந்து கிடந்த பாறையை ஏன் அகற்றவில்லை என்று மக்கள் கேட்டார்கள். அவசர வண்டி விபத்திலும் அதே போன்ற கேள்விகள் உண்டு. இந்தப் பயணம் உண்மையில் அவசரமா என்று தீர்மானித்தவர் யார்? சாரதி எத்தனை மணி நேரம் உறங்காமல் இருந்தார்? பிரேக்கைக் கடைசியாகப் பார்த்தது எப்போது? இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் மட்டுமல்ல.

இன்னொன்று. மடுல்சீமை, நமுனுகுல பக்கத்து உள்தோட்டங்களில் நோயாளி முதலில் ஏறுவது அம்புலன்ஸில் அல்ல. கொழுந்து லொறியில், ட்ரெக்டரில், பக்கத்து லயத்துப் பையனின் ஆட்டோவில். குண்டும் குழியுமான தோட்டப் பாதையில் பிரதான வீதிக்கு இறங்கி வருவதற்குள்ளேயே பாதி நேரம் போய்விடும். சைரனும் இல்லை, பயிற்சியும் இல்லை. ஆனால் அவசரம் அதே அவசரம். நிறம் பூசிய வண்டிக்கு மட்டும் சலுகை தரும் சட்டம் இந்தச் சாரதியைக் கண்டுகொள்வதில்லை. அவருக்கு வேக விலக்குத் தரச் சொல்லவில்லை. அது இன்னும் ஆபத்து. துரையோ கணக்கப்பிள்ளையோ சொல்லித்தான் அவர் லொறியை எடுக்கிறார். நோயாளியை ஏற்றிப்போகும் வழியில் அவர் யாரையாவது இடித்துவிட்டால், அம்புலன்ஸ் வைக்காத, பாதையைச் செப்பனிடாத நிர்வாகத்தின் பெயரும் அந்த வழக்கில் வர வேண்டும்.